நட்சத்திரம் வட்டமாக வரவில்லையா? வில்லையைச் சுழற்றிப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் என் பட்டறை இருக்கிறது. ஒரு லேத், இரண்டு மைக்ரோமீட்டர், ஒரு டயல் கேஜ், ஒரு சோடியம் விளக்கு, அவ்வளவுதான் சொத்து. கண்ணாடி தேய்ப்பது என் தொழில் இல்லை. வெளியூரில் தேய்த்து வரும் வில்லைகளுக்கு உறை கடைந்து, பொருத்தி, படம் ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துக் கொடுப்பேன். கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து வருவார்கள், சொந்தமாகத் தொலைநோக்கி செய்கிறவர்கள் வருவார்கள், தாத்தா காலத்து ப்ரொஜெக்டரை ஓட வைக்க வேண்டும் என்று வருகிறவர்களும் உண்டு. எல்லோரும் சொல்லும் முதல் வார்த்தை ஒன்றுதான்: "கண்ணாடி சரியில்லைங்க."

பல நேரம் கண்ணாடி சரியாகத்தான் இருக்கும். உறை, ஸ்பேசர் (இடைவெளி காக்கும் வளையம்), கூடுதலாக இறுக்கிய திருகு, வரைபடத்தில் யாரோ பழக்கத்தில் எழுதிவிட்ட ஒரு டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடிக் குறையலாம் என்ற வரம்பு) என்று குற்றவாளி வேறு எங்காவது ஒளிந்திருப்பார். அதனால் இந்தக் குறிப்பை அறிகுறியிலிருந்து தொடங்கியிருக்கிறேன். உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

கையை வைப்பதற்கு முன்

முதலில் ஒரு நட்சத்திரம் வேண்டும், அதாவது வில்லையைச் சோதிக்க ஒரு சின்ன ஒளிப்புள்ளி. நிஜ நட்சத்திரம் நகரும், மினுக்கும், மேகம் வந்தால் போய்விடும். அலுமினியத் தாளில் ஊசி முனையால் 0.2 மி.மீ.க்கு மிகாமல் ஓர் ஓட்டை போட்டு, பின்னால் ஒரு டார்ச் வைத்தால் போதும். வில்லையின் குவியத் தூரத்தைப்போல் இருபது மடங்குக்குக் குறையாத தொலைவில் அதை வையுங்கள்.

இந்த விஷயத்தில் செட்டிநாட்டு வீடு ஒரு வரப்பிரசாதம். முகப்பு வாசலில் நின்றால் பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று வாசல்கள் எல்லாம் ஒரே கோட்டில் போய்ப் பின்கட்டு வெளிச்சம் தெரியும். அந்தக் கோடுதான் என் சோதனை மேடை. ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் வில்லை, நடுவில் முப்பது மீட்டர். ஒரே தொல்லை வளவுதான். வெயில் ஏறியதும் முற்றத்துத் தரையிலிருந்து சூடான காற்று எழும்பி, நட்சத்திரம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் ஆடும். அதனால் விடிவதற்கு முன்பே வேலையை முடித்துவிடுவேன். வீட்டுக்கார ஆச்சி முதல் நாள் பார்த்துவிட்டு, "என்னப்பா, விடியமுன்ன எந்திரிச்சு விளக்கையே பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றார்கள். இப்போது அவர்களே கதவுகளைத் திறந்து வைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது, பென்சில். வில்லையை உறையிலிருந்து எடுப்பதற்கு முன் அதன் விளிம்பில் ஒரு கோடு, உறையில் அதற்கு நேராக ஒரு கோடு. எந்த முகம் வெளிப்பக்கம் என்பதற்கு விளிம்பில் ஓர் அம்புக்குறி. இரண்டு வில்லைகள் இருந்தால் இரண்டிலும். இதைச் செய்யாமல் கழற்றியவர்கள்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள் என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் சுழற்றுவது. நட்சத்திரத்தில் எந்தக் கோணல் தெரிந்தாலும், வில்லையை உறைக்குள்ளேயே 90 டிகிரி திருப்பி வைத்து மறுபடி பாருங்கள். கோணல் கூடவே திரும்பினால் குற்றம் கண்ணாடியில். அதே இடத்தில் நின்றால் உறையிலோ குழாயிலோ. சந்தேகம் இருந்தால் கண்ணருகு வில்லையைச் சுழற்றுங்கள், பிறகு உங்கள் தலையைச் சாய்த்துப் பாருங்கள். கோணல் தலையோடு சாய்ந்தால் கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அசைக்க வேண்டும் என்பதைத் தவிர இதில் வித்தை எதுவும் இல்லை.

அறிகுறி: படம் நினைத்த இடத்தில் குவியவில்லை

500 மி.மீ. என்று வாங்கிய வில்லை 496-இல் குவிகிறது, குழாயோ 500-க்கு வெட்டியாயிற்று. இது பிழையே இல்லை. வாங்கும்போது பட்டியலில் ±1% என்று போட்டிருப்பார்கள், நாம் படித்திருக்க மாட்டோம். ஒரு சதவீதம் என்றால் 5 மி.மீ.

எங்கிருந்து வருகிறது இந்த 5 மி.மீ.? கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணிலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள். வில்லைகளுக்குப் பரவலாகப் பயன்படும் பிகே7 கண்ணாடிக்கு அது 1.5168. அதில் 0.0005 கூடிக் குறைந்தால் குவியத் தூரம் ஆயிரத்தில் ஒன்றுதான் மாறும், அதாவது அரை மி.மீ. பெரிய பங்கு வளைவுக்கு. ஒரு பக்கம் தட்டையான 500 மி.மீ. வில்லையின் வளைவு ஆரம் ஏறக்குறைய 258 மி.மீ. 25 மி.மீ. ஆரமுள்ள வளையத்தில் அதன் நடு எழும்பும் உயரத்தை, வளைவு அளக்கும் ஸ்பெரோமீட்டரில் அளந்தால் 1.21 மி.மீ. வரும். பள்ளிக்கூட ஸ்பெரோமீட்டரில் ஒரு கோடு 0.01 மி.மீ. ஒரே ஒரு கோடு தப்பாகப் படித்தால் குவியத் தூரத்தில் 4 மி.மீ.க்கு மேல் போய்விடும். வளைவை ஸ்பெரோமீட்டரை மட்டும் நம்பித் தேய்க்காமல், அளவுக்கண்ணாடி வைத்து ஒளிப்பட்டை எண்ணுவது (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்) இதனால்தான்.

இதற்கு மருந்தாக "குவியத் தூரம் ±0.1%" என்று வரைபடத்தில் எழுதுகிறவர்கள் உண்டு. விலைதான் ஏறும். கணக்கைப் பாருங்கள்: 50 மி.மீ. விட்டம், 500 மி.மீ. குவியம் என்றால், குவியத்தை விட்டத்தால் வகுத்து வரும் எஃப் எண் 10. கூர்மை கெடாமல் முன்னும் பின்னும் நகரக்கூடிய தூரம், அலைநீளத்தை இரண்டால் பெருக்கி எஃப் எண்ணின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும். பச்சை ஒளிக்கு அது ±0.11 மி.மீ. ±0.1% என்பதே ±0.5 மி.மீ. ஆக, அந்த விலையைக் கொடுத்தாலும் குவியத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். குழாயில் 10 மி.மீ. நகரும் ஃபோகஸர் வைத்துவிட்டு வில்லையை ±1%-க்கே வாங்குங்கள். நகர இடம் இல்லாத கருவி என்றால், ஒவ்வொரு வில்லையையும் அளந்து அதற்கேற்ற ஸ்பேசரைக் கடைந்து போடுங்கள். அலுமினிய வளையம் கடைவது கண்ணாடியை மறுபடி தேய்ப்பதைவிட எப்போதும் மலிவு.

அறிகுறி: நட்சத்திரத்துக்கு ஒரு பக்கம் வால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் அதிகம் வருவது இதுதான்.

படத்தின் ஓரத்தில் வால் தெரிந்தால் அது வடிவமைப்பின் குணமாக இருக்கலாம். நடுவிலேயே வால் என்றால் ஏதோ ஒன்று மையம் தப்பியிருக்கிறது அல்லது சாய்ந்திருக்கிறது. கூடவே ஒரு பக்கம் சிவப்பும் எதிர்ப்பக்கம் நீலமும் கசிந்தால், வில்லையில் ஆப்பு இருக்கிறது. ஒரு பக்க விளிம்பு தடிமன், எதிர்ப்பக்கம் மெலிசு, அதனால் வில்லை கொஞ்சம் முப்பட்டகமாகவும் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சுழற்றிப் பாருங்கள். வால் கூடவே வந்தால் ஆப்பை அளக்க வேண்டும். மூன்று எஃகுக் குண்டுகளின் மேல் வில்லையை உட்கார வைத்து, விளிம்பை இரண்டு முளைகளில் சாய்த்து, மேலே ஓரத்தில் டயல் கேஜ் முனையை வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். முள் ஆடும் மொத்த தூரம்தான் விளிம்புத் தடிமன் வேறுபாடு. 50 மி.மீ. வில்லையில் 0.04 மி.மீ. ஆடினால், 0.04-ஐ 50-ஆல் வகுக்க வேண்டும். கோணமாக அது 2.75 ஆர்க் மினிட் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் ஓர் ஆர்க் மினிட்). ஒளி அவ்வளவும் வளையாது. ஒளிவிலகல் எண்ணில் ஒன்றைக் கழித்து, அதாவது 0.517-ஆல், பெருக்கினால் சுமார் 1.4 ஆர்க் மினிட் விலகல்.

சரி, இதற்காக வில்லையைத் திருப்பி அனுப்ப வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். இரண்டு முகமும் ஒழுங்கான கோளமாகவோ தளமாகவோ இருந்தால் அந்த வில்லைக்கு ஓர் ஒளியச்சு எங்காவது இருந்தே தீரும். ஆப்பு என்பது, விளிம்பை அந்த அச்சைச் சுற்றி வட்டமாக வெட்டாமல் வேறு இடத்தைச் சுற்றி வெட்டியதால் வந்தது. நான் சொன்ன வில்லையில் அச்சு எவ்வளவு தள்ளியிருக்கிறது? ஆப்புக் கோணத்தை வளைவு ஆரத்தால் பெருக்குங்கள்: 0.0008 பெருக்கல் 258, சுமார் 0.2 மி.மீ. உறையின் துளையை அரை மி.மீ. பெரிதாகக் கடைந்து, சுற்றிலும் மூன்று நைலான் திருகு வைத்து, தட்டை முகம் அடித்தளத்தில் பதிந்தபடி வில்லையை 0.2 மி.மீ. நகர்த்தினால் வால் மறைந்துவிடும். சுவரில் வைத்த விளக்கின் பிரதிபலிப்பை வில்லையில் பார்த்துக்கொண்டே உறையைச் சுழற்றுங்கள். பிரதிபலிப்பு ஆடாமல் நின்றால் மையம் கிடைத்துவிட்டது.

க்ரௌன், ஃபிளின்ட் என இரண்டு கண்ணாடி சேர்ந்த, நடுவில் காற்று இடைவெளியுள்ள இரட்டை வில்லையாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. இரண்டிலும் கொஞ்சம் ஆப்பு இருக்கும். ஒன்றை அப்படியே வைத்து மற்றதை 45 டிகிரி, 45 டிகிரியாகச் சுழற்றிப் பாருங்கள். ஒரு நிலையில் ஒன்றின் ஆப்பு மற்றதன் ஆப்பைச் சாப்பிட்டுவிடும். அந்த இடத்தில் இரண்டின் விளிம்பிலும் குறுக்காக ஒரு பென்சில் கோடு. பழைய தொலைநோக்கி வில்லைகளின் விளிம்பில் ஒரு 'வி' குறி பார்த்திருப்பீர்களே, அதைப் போட்டவர் செய்ததும் இதைத்தான். துடைத்துச் சுத்தம் செய்கிறேன் என்று அதையும் சேர்த்து அழித்துவிட்டு வருகிறவர்களை என்ன சொல்வது.

வால் சுழலாமல் நின்ற இடத்திலேயே நின்றால் கண்ணாடியை விடுங்கள், உறையைப் பாருங்கள். உறையின் தளம் துளைக்குச் செங்குத்தாக இருக்கிறதா? ஒரே பிடியில் துளையையும் தளத்தையும் கடைந்திருந்தால் இருக்கும். துளையை முடித்து, வேலையைத் திருப்பிப் பிடித்துத் தளத்தைக் கடைந்திருந்தால் சந்தேகம்தான். நான் பார்த்த சாய்வுகளில் பாதிக்கு மேல் இந்தத் திருப்பிப் பிடிப்பில் வந்தவை. வரைபடத்தில் "தளம், துளை, ஒரே பிடியில்" என்று எழுதிவிட்டால் டாலரன்ஸ் எண் எழுதவே தேவையில்லை, கடைசல்காரருக்குப் புரியும். இன்னொரு இடம், தளத்தின் உள்மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிசிறு. விரல் நகத்தால் தடவினாலே தெரியும்.

வரைபடம் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. ஆப்புக்கு, விட்டத்துக்கு, துளைக்கு எல்லாவற்றுக்கும் தனித்தனியாக நெருக்கமான எண் போடாதீர்கள். ஒளி எவ்வளவு விலகலாம் என்று ஓர் எண்ணைச் சொல்லி, நகர்த்திச் சரிசெய்ய ஓர் இடம் விட்டுவிட்டால் மற்ற எண்களைத் தாராளமாகத் தளர்த்தலாம்.

அறிகுறி: நட்சத்திரம் முக்கோணமாகத் தெரிகிறது

மூன்று முனை என்றால் மூன்று திருகு. வேறு எதையும் தேடாதீர்கள், கொஞ்சம் தளர்த்துங்கள். வில்லையை அசைத்தால் லேசாகக் கிலுகிலுக்க வேண்டும். கேமரா லென்ஸ் செய்கிறவர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் தொலைநோக்கி வில்லைக்கு அதுதான் ஆரோக்கியம்.

தளர்த்தியும் குளிரில் மட்டும் முக்கோணம் வருகிறதா? அப்படியானால் உலோகம் சுருங்கிக் கண்ணாடியைப் பிடிக்கிறது. 100 மி.மீ. வில்லைக்கு இங்கே மே மாதம் 35 டிகிரியில் அலுமினிய உறை கடைந்து, "சும்மா சிக்கென்று" பொருத்திக் கொடுத்தேன். வாங்கியவர் அதைக் கொடைக்கானலுக்கு எடுத்துப்போய், இரவு 10 டிகிரியில் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் செய்தார். அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரியில் 23 மைக்ரான் சுருங்கும். பிகே7 கண்ணாடி 7 மைக்ரான்தான். வித்தியாசம் 16. அதை 0.1 மீட்டராலும் 25 டிகிரியாலும் பெருக்கினால் 40 மைக்ரான். நான் விட்டிருந்த இடைவெளி 30. என் தப்புதான். இப்போது 100 மி.மீ.க்கு 0.1 மி.மீ. விடுகிறேன். பித்தளையானால் இந்த வித்தியாசம் 30 மைக்ரான்தான் இருந்திருக்கும். பழைய கருவிகளில் பித்தளை உறை இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, கனம்தான் தாங்காது.

அறிகுறி: குவியத்துக்கு முன்னால் நீள்வட்டம், பின்னால் குறுக்கு நீள்வட்டம்

இது அஸ்டிக்மாட்டிசம். ஏதோ ஒரு முகம், ஒரு திசையில் ஒரு வளைவும் குறுக்கே வேறு வளைவுமாக இருக்கிறது. சுழற்றிப் பார்த்துக் கண்ணாடிதான் என்று உறுதியானால் ஒளிப்பட்டைகளைப் பார்க்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கண்ணாடித் தகட்டின் மேல் நிறக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமென்ட்டும் மணலும் போட்டு அழுத்துவார்கள். காய்ந்து எடுத்தால் கண்ணாடி எப்படியோ அப்படியே கல்லின் முகம், மெருகு போடத் தேவையில்லை. வில்லைப் பட்டறையில் அளவுக்கண்ணாடி என்பதும் இப்படித்தான், அச்சுக்கு அச்சு. வேண்டிய வளைவுக்கு நேர் எதிராகத் தேய்த்த ஒரு கண்ணாடியை வில்லையின் மேல் வைத்து சோடியம் விளக்கில் பார்த்தால், இரண்டுக்கும் நடுவே இருக்கும் காற்று இடைவெளி மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள் போடும். ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் இடைவெளியில் அரை அலைநீளம் வித்தியாசம். சோடியத்துக்கு அது 295 நானோமீட்டர், சுமார் 0.3 மைக்ரான்.

பட்டைகள் வட்ட வளையங்களாக வந்தால் வளைவு ஆரம் கொஞ்சம் வித்தியாசம், அவ்வளவுதான். மூன்று வளையம், ஐந்து வளையம் என்றாலும் ஃபோகஸரில் சரியாகிவிடும். வளையம் நீள்வட்டமானால்தான் கவலை. அந்த நெளிவைத்தான் ஒழுங்கின்மை என்கிறோம். எந்த ஃபோகஸரும் அதைச் சரிசெய்யாது. வரைபடத்தில் இந்த இரண்டையும் ஒரே எண்ணாக எழுதுவது பெரிய தப்பு. "5 வளையம், ஒழுங்கின்மை 1" என்று பிரித்து எழுதுங்கள். ஆனால் "20 வளையம், ஒழுங்கின்மை கால்" என்று எழுதாதீர்கள். இருபது வளையத்துக்கு நடுவே கால் வளைய நெளிவைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஐந்துக்கு ஒன்று என்பது பட்டறைகளில் பழகிய விகிதம்.

எவ்வளவு ஒழுங்கின்மை பொறுக்கலாம்? முகம் ஆடியா, வில்லையா என்பதைப் பொறுத்தது. ஆடியில் ஒளி போய்த் திரும்புவதால் முகத்தின் பிழை இரண்டு மடங்காகும். வில்லையின் முகத்தில் அது பாதியாகும். ஆக ஆடி நான்கு மடங்கு கறார். இயற்பியலாளர் ராலே சொன்ன கால் அலை வரம்பை (படத்துக்கு வரும் ஒளியலை கால் அலைநீளத்துக்கு மேல் நெளியக் கூடாது என்பதை) வைத்துப் பார்த்தால், ஆடியின் முகம் அலையில் எட்டில் ஒன்றுக்குள் இருக்க வேண்டும், அதாவது கால் பட்டை. வில்லையின் ஒரு முகத்துக்கு ஒரு முழுப் பட்டை வரை இடமுண்டு. நான்கு முகம் இருந்தால் முகத்துக்கு அரைப் பட்டை என்று பிரித்துக் கொடுக்கலாம். நான்கு அரைகளின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் ஒன்றுதான் வரும்.

இரண்டு எச்சரிக்கைகள். வில்லையைக் கையில் வைத்திருந்துவிட்டு உடனே பட்டை பார்க்காதீர்கள், விரல் சூட்டில் பட்டைகள் ஓடும். கால் மணி நேரமாவது இரண்டு கண்ணாடியும் சேர்ந்து கிடக்கட்டும். அடுத்து, கடையில் வாங்கிய ஜன்னல் கண்ணாடியை அளவுக்கண்ணாடியாக வைக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் வார்க்கும் தகடு ஒன்றை நானே ஆசைப்பட்டு வாங்கி வந்து வைத்துப் பார்த்தேன். தரைக்கல்லுக்கு அது தங்கம். சோடியம் விளக்கில் பட்டைகள் ஆற்று வெள்ளம்போல் நெளிந்தன.

அறிகுறி: எங்கே குவித்தாலும் மங்கல், சுற்றிலும் ஒளிவட்டம்

ஃபோகஸரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒரு பக்கம் வளையங்கள் கூராகவும் மறுபக்கம் பஞ்சுபோலவும் இருந்தால் கோளப் பிறழ்ச்சி, அதாவது வில்லையின் ஓரத்து ஒளியும் நடு ஒளியும் வெவ்வேறு இடத்தில் குவிகின்றன. தேய்த்தவரைத் திட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: யாராவது கழற்றினார்களா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் உண்டு. ஒருவர் அங்கே பித்தளைத் தொலைநோக்கி ஒன்று வாங்கி, பாசியைத் துடைக்கக் கழற்றி மாட்டியிருக்கிறார். அதற்கப்புறம் கோபுரம் வெறும் புகையாகத் தெரிந்தது. "இத்தனை வருஷத்தில் கண்ணாடி செத்துப்போச்சா அண்ணே?" என்று கேட்டார். முன் வில்லையின் இரண்டு பக்கமும் குவிந்தவை, வளைவில் வித்தியாசம் கொஞ்சம்தான், விரலுக்குத் தெரியாது. திருப்பி மாட்டியிருந்தார். சரியாக மாட்டியதும் கோபுரத்தில் பொம்மைகளை எண்ண முடிந்தது. எது முன்பக்கம் என்று சந்தேகம் வந்தால் இரண்டு விதமாகவும் மாட்டி நட்சத்திரத்தைப் பாருங்கள். வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும்.

திருப்பி மாட்டவில்லை என்றால் ஸ்பேசரை அளங்கள். காற்று இடைவெளி இரட்டை வில்லையில் அந்த மெல்லிய வளையத்தின் தடிமன் வடிவமைப்பின் ஒரு பகுதி. தொலைந்துபோன வளையத்துக்குப் பதில் கார்டு அட்டையை வெட்டிப் போட்டால் வேலைக்காகாது.

அறிகுறி: கீறல் தெரிகிறது, திருப்பி அனுப்பட்டுமா?

படத்தில் தெரிகிறதா, கண்ணாடியில் தெரிகிறதா? கண்ணாடியில் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள். 60-40 என்ற பழைய அமெரிக்க ராணுவக் குறியீட்டில் 40 என்பது 0.4 மி.மீ. குழி. 60 என்பதை 60 மைக்ரான் கீறல் என்று நினைக்கிறார்கள். அது அகலம் இல்லை, ஒப்பீட்டுக் கீறலோடு கண்ணால் பார்த்துச் சொல்லும் தரம். குவியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முகம், அதாவது குறுக்குக்கோட்டுக் கண்ணாடி, கண்ணருகு வில்லையின் உள்முகம், இவற்றுக்கு மட்டும் கறாராக இருங்கள். முன் வில்லையில் ஒரு கீறல் படத்தைத் தொடாது.

படம் வெளுத்திருந்தால் கீறலைவிட வேறு காரணங்கள் பெரிது. பூச்சில்லாத ஒவ்வொரு முகமும் விழும் ஒளியில் சுமார் 4% திருப்பி அனுப்பும். குழாயின் உட்புறம் பளபளத்தால் அந்த ஒளியெல்லாம் படத்தில் வந்து உட்காரும். பூஞ்சை, விரல் ரேகை, மினுங்கும் ஸ்பேசர் விளிம்பு என்று இந்த வரிசையில் தேடுங்கள்.

அறிகுறி: முதல் பீஸ் அருமை, பத்து செய்தால் நாலு தகராறு

ஒவ்வொரு உருப்படியும் வரம்புக்குள் இருக்கிறது, சேர்த்தால் சேரவில்லை. நான்கு பாகங்கள், ஒவ்வொன்றும் ±0.05 மி.மீ. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் ±0.2. பெரும்பாலான சமயம் அப்படிச் சாயாது என்று வர்க்கமூலக் கணக்குப் போட்டு ±0.1 என்று நம்பியிருப்பீர்கள். கணக்கு சரி, பட்டறைதான் அதன்படி நடப்பதில்லை.

கண்ணாடி தேய்ப்பவர் தடிமனை மேல் வரம்பில்தான் நிறுத்துவார். கீறல் விழுந்தால் மறுபடி தேய்க்கக் கொஞ்சம் சதை வேண்டுமே. நான் துளை கடையும்போது சிறிய பக்கத்தில் நிறுத்துவேன். பெரிதாகிவிட்டால் உலோகத்தை ஒட்டவைக்க முடியாது. ஆக வில்லைகள் எல்லாம் தடித்தும் துளைகள் எல்லாம் சிறுத்தும் வரும். இது தற்செயலான சிதறல் இல்லை, தொழில்காரனின் தற்காப்பு. வர்க்கமூலம் போடுவதற்கு முன் ஒரு தொகுதியை அளந்து, சராசரி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். நின்ற தூரத்தை நேராகக் கூட்டிக்கொண்டு, மிச்சச் சிதறலுக்கு மட்டும் வர்க்கமூலம் போடுங்கள்.

இன்னொரு கள்ளன் அனோடைசிங், அலுமினியத்தின் மேல் மின்வேதி முறையில் ஆக்சைடு பூச்சு வளர்ப்பது. கறுப்பு அனோடைஸ் செய்யும்போது 25 மைக்ரான் பூச்சு வளர்ந்தால், ஏறக்குறைய பாதி உலோகத்துக்குள்ளே போகும், பாதி வெளியே வரும். துளையில் இரண்டு பக்கமும் வெளியே வருவதால் விட்டம் சுமார் 25 மைக்ரான் சுருங்கும். 1953 முதல் மின்வேதியியலுக்கென்றே சிக்ரி என்ற ஆய்வு நிறுவனம் இயங்கும் ஊரில் இருந்துகொண்டு இதை நான் மறந்தேன், முதல் தொகுதியில் ஒரு வில்லைகூட உள்ளே போகவில்லை. வரைபடத்தில் "அளவுகள் பூச்சுக்குப் பின்" என்று எழுதுங்கள்.

அறிகுறி: விடியலில் கூர்மை, மதியம் மங்கல்

500 மி.மீ. அலுமினியக் குழாய் 15 டிகிரிக்கு 0.17 மி.மீ. நீளும். மேலே சொன்ன எஃப் 10 வில்லைக்குப் பொறுக்கும் அளவு 0.11. மறுபடி குவியுங்கள். குவிக்க ஆளில்லாத கருவி என்றால் கார்பன் ஃபைபர் குழாய் பற்றி யோசியுங்கள்.

அறிகுறி: அளவெல்லாம் சரி, படம் மட்டும் தப்பு

மேலே உள்ள எதுவும் பொருந்தவில்லை, அளந்த எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்றால், அளந்த கருவியை அளக்க வேண்டிய நேரம்.

1990-இல் ஏவிய ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடிக்கு நடந்தது இதுதான். தேய்த்த வேலை மிகத் துல்லியம், ஆனால் தப்பான வடிவத்துக்குத் துல்லியம். சோதனைக் கருவிக்குள் ஒரு வில்லை 1.3 மி.மீ. தள்ளி உட்கார்ந்திருந்தது. அந்தக் கருவி சொன்னபடி தேய்த்ததில் ஆடியின் விளிம்பு சுமார் 2.2 மைக்ரான் கூடுதலாகத் தட்டையானது. வேறு எளிய சோதனைகள் பிழையைக் காட்டியிருந்தும், பெரிய கருவிதான் நம்பகமானது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்த ஒளியியலைப் பொருத்திய பிறகுதான் படம் கூர்மையானது.

நம் பட்டறையில் இதன் சின்ன வடிவம் தினமும் நடக்கும். என்னிடம் இருக்கும் இரண்டு மைக்ரோமீட்டரில் ஒன்று 0.02 மி.மீ. கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே மைக்ரோமீட்டரில் வில்லையையும் அளந்து துளைக்கான அளவையும் எடுத்த வரை தெரியவில்லை, இரண்டும் சேர்ந்தே தப்பியதால் பொருந்தியது. வெளியூரில் வேறு கருவியில் அளந்த வில்லை வந்த அன்றுதான் மாட்டிக்கொண்டேன். இப்போது காலையில் முதல் வேலையாக 25 மி.மீ. அளவுக்கட்டையை இரண்டு மைக்ரோமீட்டரிலும் வைத்துப் பார்த்து, சுவரில் தொங்கும் நோட்டில் தேதியோடு எழுதுகிறேன். குவியத் தூரத்தை ஸ்பெரோமீட்டரில் கணக்கிட்டாலும், வளவில் விளக்கை வைத்து நேராகவும் ஒரு முறை அளக்கிறேன். இரண்டும் ஒரு சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் வில்லையை உறையில் போடுவதில்லை, எது தப்பு என்று கண்டுபிடிக்கும் வரை பென்சில் குறியோடு மேசையில் கிடக்கும்.